மாரத்தான் ஓடியவர்களுக்கு செர்ரி ஜூஸ்... வேகம் கூடியதா, வலி குறைந்ததா?

மாரத்தான் ஓடிய மறுநாள் மாடிப்படி இறங்கியிருக்கிறீர்களா? ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போதுதான் தொடை இரண்டும் கெஞ்சும். கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஒருவர் இறங்கினால், நேற்று 42.195 கிலோமீட்டர் ஓடியவர் என்று சொல்லிவிடலாம்.

அப்படிப்பட்ட கால்களுக்குத்தான் இங்கிலாந்தில் புளிப்புச் செர்ரி ஜூஸ் கொடுத்துப் பார்த்தார்கள். லண்டன் மாரத்தானில் ஓடிய 20 பேர். யாரும் தொழில்முறை வீரர்கள் இல்லை. பாதிப் பேருக்கு செர்ரி ஜூஸ், மீதிப் பேருக்கு டம்மி பானம். போட்டிக்கு 5 நாள்கள் முன்பே தொடங்கி, போட்டி முடிந்து 2 நாள்கள் வரை குடித்தார்கள்.

2010-ல் முடிவு வெளியானது. செர்ரி குடித்தவர்களுக்கு, ஓட்டத்தில் இழந்த தசை பலம் சீக்கிரம் திரும்பியிருந்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகளும் குறைவு. ஆனால், தசை வலியில் இரு தரப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை!

அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு வேறு மாதிரி சொன்னது. ஒரிகான் மாநிலத்தின் 'ஹூட் டு கோஸ்ட்' ரிலேவில் 54 பேர், 24 மணி நேரத்தில் சராசரியாக 26.3 கிலோமீட்டர் ஓடினார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் இரண்டு வேளை, வேளைக்கு 355 மில்லி. ஓடியபின் எல்லோருக்குமே வலித்தது. செர்ரி குடித்தவர்களுக்குக் குறைவாக வலித்தது.

கவனியுங்கள், இரண்டிலுமே பேச்சு ஓடி முடித்த பிறகான கால்களைப் பற்றித்தான். 'குடித்தால் வேகம் கூடும்' என்று இவற்றைக் காட்டி யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

செர்ரிக்குச் சிவப்பு தரும் ஆந்தோசயனின் என்ற நிறமிக்குத்தான் இந்தப் பெருமை போகிறது. நம் நாக்கை ஊதாவாக்கும் நாவல் பழத்திலும் அதே வகை நிறமி உண்டு. அதற்காக நாவல் ஜூஸும் இதே வேலையைச் செய்யும் என்று முடிவுகட்ட முடியாது. அப்புறம், பேக்கரி கேக் மேல் உட்கார்ந்திருக்கும் 'செர்ரி' பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். அதைத் தின்றுவிட்டு ஓடினால் சர்க்கரைதான் மிச்சம்.

சரி, ஓடும்போதே ஜூஸ் குடிக்கலாமா? நான் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் பெரிய டம்ளரில் ஆரஞ்சு ஜூஸ் குடித்தேன். நான்காவது கிலோமீட்டரிலேயே வயிறு கடகடவென்றது, மீதியை நடந்தே முடித்தேன். விளையாட்டு பானங்களில் சர்க்கரை 6 முதல் 8 சதவிகிதம் வரைதான் இருக்கும். பழ ஜூஸில் சுமார் 10 சதவிகிதம். ஜூஸ் கடையில் மேலே இரண்டு ஸ்பூன் வேறு போடுவார்கள். இனிப்பு கூடக் கூட, வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்க நேரமாகும். ஓடும்போது குடிப்பதென்றால் தண்ணீர் கலந்து, கொஞ்சம் உப்புப் போட்டுக்கொள்வது நல்லது.

வருடம் முழுக்க தினமும் செர்ரி ஜூஸ் வேண்டுமா என்றால், எனக்கு அது தேவையாகத் தெரியவில்லை. பயிற்சிக்குப் பின் வரும் லேசான அழுத்தத்தைத் தாங்கித்தான் உடம்பு பழகுகிறது. 2009-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், வைட்டமின் சி, இ மாத்திரைகளை அதிக அளவில் எடுத்தவர்களுக்கு உடற்பயிற்சியால் கிடைக்க வேண்டிய பலன் சில தடைப்பட்டன. மாத்திரையும் ஜூஸும் ஒன்றல்லதான். ஆனாலும் போட்டி வாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த ஒரு வாரத்துக்கும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

குடித்துப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், முதல் பாட்டிலைப் போட்டி நாளில் திறக்காதீர்கள். வீட்டுக்குத் திரும்ப ஆட்டோ கிடைக்கிற ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் திறங்கள்.