கரிசல் வெயிலில் டர்போ எஞ்சின்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 2023ஆம் ஆண்டில் புதிய ‘வெர்னா’ கார் வெளிவந்தது. அதில் பெட்ரோல் எஞ்சின் இரு வகை. இரண்டுக்குமே நான்கு சிலிண்டர்கள். ஒன்றின் கொள்ளளவு 1,497 கன செண்டிமீட்டர்; திறன் 115 குதிரைத்திறன். மற்றதன் கொள்ளளவு 1,482 கன செண்டிமீட்டர், அதாவது சற்றே சிறியது. அதன் திறனோ 160! சிறியது பெரியதை விஞ்சியது எப்படி? கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் போன்ற கரிசல் பூமியில் இத்தகைய எஞ்சின் நெடுநாள் உழைக்குமா? முதற்கேள்வியின் விடையைப் புரிந்துகொண்டால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிடும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. பெட்ரோலை வேண்டிய மட்டும் உள்ளே தெளித்துவிடலாம். காற்றைத்தான் சேர்ப்பது கடினம். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலால் மட்டுமே காற்று நுழைகிறது. கொல்லன் பட்டறையில் துருத்தியால் ஊதுவதுபோல் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் என்ன? அந்தத் துருத்தியைப் புகைபோக்கி வழியே வீணாகப் போகும் வாயுவைக் கொண்டே இயக்கலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி. அவர் காப்புரிமை பெற்றது 1905இல். கழிவு வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்துகிறது. டர்போசார்ஜர் என்பது இவ்வளவே. ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுற்றுகள் சுற்றுகிறது!

விவரத்தாளில் மற்றொரு வரியும் உண்டு: திருப்புவிசை. சாதாரண எஞ்சினுக்கு 143.8 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,500 சுற்றுகளில்தான் கிட்டும். டர்போ எஞ்சினுக்கு 253. அது 1,500 சுற்றுகளிலேயே வந்து 3,500 வரை நிலைக்கிறது. இவ்வெண்களைக் கொண்டு பிஸ்டன்மீது செயற்படும் சராசரிப் பயனுறு அழுத்தத்தைக் கணக்கிடலாம். முன்னதில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 12 மடங்கு. பின்னதில் 21 மடங்கு. வாங்குபவர் கண்ணில் படுவது 160 என்னும் எண். எஞ்சினின் ஆயுளைக் கேட்பவர் பார்க்க வேண்டியது இந்த 21ஐ. அத்தனை அழுத்தத்தையும் அதனுடன் வரும் வெப்பத்தையும் தாங்கத்தான் பிஸ்டன், பேரிங், எண்ணெய் எல்லாம் கடமைப்பட்டிருக்கின்றன.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதைக் கண்டிருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். பங்குனி வெயிலில் 40 டிகிரியில் உள்ள காற்றை 1.8 மடங்கு அழுத்தினால் அது ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போய்விடும். இண்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் அதைத் தணிக்கிறது. ஆனால் அது குளிர்விப்பதும் வெளிக்காற்றைக் கொண்டுதானே! எவ்வளவு முயன்றாலும் 40க்குக் கீழே இறக்க முடியாது.

சூடான காற்றால் வரும் தீங்கு என்ன? கோவில்பட்டிக்காரர்களுக்குத் தீப்பெட்டியைக் கொண்டே விளக்கலாம். குச்சிகளை நெருக்கமாக வரிசையாய் அடுக்கி முதற்குச்சியைப் பற்ற வைத்தால் நெருப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒழுங்காகப் பரவும். சிலிண்டருக்குள் தீப்பொறி பட்டதும் நிகழ வேண்டியது இதுவே. கட்டு முழுவதும் முன்பே சூடேறிக் கிடந்தாலோ, நெருப்பு வந்து சேருமுன் மிச்சக் குச்சிகள் தாமாகவே ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘எஞ்சின் தட்டுது’ என்கிறார்கள். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் காரில் இதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த திரவம் ஒரு தனித் தொட்டியில் இருந்தது. பலர் அதை நிரப்ப மறந்தனர்; தீர்ந்ததும் காரின் வேகம் குன்றியது. இரண்டே ஆண்டுகளில் அந்தக் காரின் கதை முடிந்தது.

இன்று அந்த வேலையைக் கணிப்பொறி பார்க்கிறது. தட்டும் ஓசையை ஓர் உணர்வி கேட்டதும் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. எஞ்சின் தப்புகிறது, திறன் குறைகிறது. எனவே கடும் வெயில் நேரத்தில் 160 முழுவதையும் எதிர்பார்க்கக் கூடாது. பெட்ரோலின் ஆக்டேன் எண் உயர்ந்தால் தட்டும் போக்கு தணியும். முன்பு 91ஆக இருந்த எண், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் 95. ஆனால் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு; மைலேஜ் சற்று விழும். (கரிசலில் இப்போது பரவலாக விளையும் மக்காச்சோளமும் எத்தனாலுக்கு ஒரு மூலப்பொருள் என்பதை நினைவில் கொள்க.)

வெயிலைக் கணிப்பொறி சமாளித்துவிடும். புழுதியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,500 லிட்டர் காற்று வேண்டும். 200 லிட்டர் பீப்பாயில் அளந்தால் நாற்பத்தேழு பீப்பாய்! கோடையில் கரிசல் வெடித்து, வண்டிப்பாதைகள் மாவாகிக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் உளுந்தையும் கம்பையும் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். இந்தத் தூசியில் இரண்டு வகை உண்டு. களிமண் துகள்கள் மெத்தென்றவை, இரண்டு மைக்ரானுக்கும் சிறியவை. வடிகட்டியை அடைப்பதே அவற்றின் வேலை. உடன் வரும் மணல் துகள்களோ சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானவை. அவை சுவரிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் சிக்கி, பிஸ்டன் வளையங்களை அரம்போல் அராவுகின்றன. டர்போவின் அலுமினியச் சக்கரமும் தப்பாது. உச்ச வேகத்தில் அதன் இதழ் முனைகள் ஒலியின் வேகத்தை எட்டுகின்றன.

வடிகட்டி அடைத்தால் டர்போ மூச்சுத் திணறி, கூடுதலாகச் சுழன்று, தன் பேரிங் எண்ணெயையே உறிஞ்சத் தொடங்கும். அதற்காக அடிக்கடி கழற்றி அழுத்தக் காற்றால் ஊதுகிறவர்களும் தவறு செய்கிறார்கள். கிழிந்த வடிகட்டி அடைத்ததைவிடக் கேடு. காகிதத்தை மாற்றிவிடுவதே நல்லது. வண்டியோடு வரும் கையேட்டில் புழுதியும் வெப்பமும் மிகுந்த இடங்களுக்கென்று தனி அட்டவணை இருக்கும்; அதில் பராமரிப்புக் கெடு குறைவு. நம் வட்டாரத்துக்கு உரியது அதுவே.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழிவு வாயு 900 டிகிரியைத் தாண்டும். அதிலிருந்து சில செண்டிமீட்டர் தள்ளி ஓர் எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு சுழல்கிறது. மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் விரட்டி வந்து சட்டென்று எஞ்சினை நிறுத்தினால், தேங்கிய எண்ணெய் அடுப்பில் மறந்த சட்டிபோல் கரியாகும். புதிய டர்போக்களுக்கு நீர்க்குளிர்ச்சி உண்டு. ஆயினும் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துவதால் நட்டமில்லை. உயர் கியரில், தாழ்ந்த சுற்றுகளில் முக்கி முக்கி ஓட்டுவதும் ஆகாது. எண்ணெய்த் துளிகள் தீப்பொறிக்கு முன்பே பற்றிப் பிஸ்டனையே உடைத்த நிகழ்ச்சிகள் உண்டு. அதைத் தடுக்கும் வகையில் எண்ணெய்த் தரத்தையே 2018இலும் 2020இலும் திருத்தினார்கள்.

பழைய டர்போ கார் வாங்குவோர், வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். இலேசான எண்ணெய்ப் பசை இருந்தால் அஞ்ச வேண்டாம். மண் ஒட்டினால், நான்கு சிலிண்டர்களின் அமுக்க அழுத்தத்தையும் அளந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள்.