கத்தரிக்கோலிலிருந்து கன்ட்ரோல்-இசட் வரை

ஷூட்டிங் முடிஞ்சு பூசணிக்காய் உடைச்ச பிறகு தொடங்குற வேலையைப் பற்றித்தான் இந்த எபிசோட்: போஸ்ட் புரொடக்‌ஷன். டப்பிங், ரீ-ரெக்கார்டிங், கலர்னு அதில் நிறைய இருக்கு. நான் எடிட்டிங்கை மட்டும் எடுத்துக்கிறேன்.

முதல்ல ஃபிலிம். 35 எம்எம் ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 1979-ல் வந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்குப் பிரிண்ட் போட்டது சுமார் 12.5 லட்சம் அடி. ஓட்டிப் பார்க்கவே 230 மணி நேரம். தியேட்டருக்கு வந்தது இரண்டரை மணி நேரம்கூட இல்லை! அத்தனைக்கும் நம்பர் போட்டு, டப்பாவில் அடுக்கி, எடிட்டர் கேட்ட நொடியில் சரியான துண்டை எடுத்துக் கொடுக்கணும். அதுக்குத்தான் அசிஸ்டென்ட்டுகள். வெட்டுறது வொர்க் பிரிண்ட்டைத்தான், ஒரிஜினல் நெகட்டிவை இல்லை. ஆனாலும் பிரிச்சு, ஒட்டி, மறுபடி ஓட்டிப் பார்க்கிற அலுப்புக்குப் பயந்தே வெட்டுறதுக்கு முன்னாடி நிறைய யோசிப்பாங்க.

டிவி பக்கம் இன்னும் கொடுமை. 1956-ல் வீடியோ டேப் வந்தது. அதில் படம் கண்ணுக்கே தெரியாது. காந்தத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பிளேடால் வெட்டி ஒட்டினாங்க. பிறகு ஒரு மெஷின்லேர்ந்து இன்னொரு மெஷினுக்குக் காப்பி பண்ணும் முறை வந்தது. அரை மணி நேர நிகழ்ச்சியோட அஞ்சாவது நிமிஷத்தில் ரெண்டு செகண்ட் சேர்க்கணுமா? அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லாத்தையும் திரும்பப் பதியணும். இல்லைன்னா காப்பிக்குக் காப்பி எடுக்கணும், படம் மங்கிடும். ‘சின்ன கரெக்‌ஷன்தான்’னு யாராவது சொன்னா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

1989-ல் அவிட் வந்தது. எந்த ஷாட்டும் ஒரு கிளிக்கில் கிடைச்சது. ஆரம்பத்தில் படம் மோசமா தெரியும். அதனால கம்ப்யூட்டரில் முடிவான கட்டுகளோட நம்பர் லிஸ்ட்டை வச்சு நெகட்டிவைத் தனியா வெட்டினாங்க. வால்டர் மர்ச் ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ (1996) படத்தை ஃபிலிமில் தொடங்கி, பாதியில் அவிட்டுக்கு மாறினார். டிஜிட்டலா எடிட் பண்ணி எடிட்டிங் ஆஸ்கர் வாங்கின முதல் படம் அது.

அதே மர்ச் ஒரு இழப்பையும் சொல்லியிருக்கார். ரீலை ஓட்டித் தேடும்போது, வழியில் கேட்காத ஷாட்டெல்லாம் கண்ணில் படும். சில சமயம் தேடினதைவிட நல்லது கிடைக்கும். கம்ப்யூட்டர் கேட்டதை மட்டும் கொண்டுவந்து வைக்கும். அவர் ஒவ்வொரு செட்டப்பிலிருந்தும் ஓரிரு ஃபிரேமை போட்டோவா எடுத்து எடிட் ரூம் போர்டில் வரிசையா ஒட்டி வைப்பார். இன்னைக்கும் செய்யலாம், ஒரு பிரிண்டர் போதும்.

எனக்கு ஃபிலிம் மேல ஏக்கமெல்லாம் கிடையாது. கல்லூரிப் பசங்க லேப்டாப்பில் ஒரு படத்தையே முடிக்கிறது பெரிய விஷயம். எனக்கு உறுத்துறது அசிஸ்டென்ட்டோட இடம். முன்னாடி அவர் எடிட்டர் பக்கத்திலேயே நின்னார். ஒரு ஷாட்டை ஏன் தூக்கணும்னு டைரக்டரும் எடிட்டரும் போடுற சண்டையை முழுசா கேட்டார். சம்பளம் கம்மி, ஆனா அதுதான் காலேஜ். இப்போ நான் பார்க்கிற பல எடிட் ரூம்களில் அவர் ராத்திரி வர்றார். ஃபுட்டேஜை சிங்க் பண்ணி, பேக்கப் எடுத்துட்டு, காலையில் கிளம்பிடுறார். மறுநாள் டைம்லைனில் ஒரு ஷாட் காணோம்னு தெரியும். ஏன் காணோம்னு தெரியாது.

அசிஸ்டென்ட்டா சேரப் போறீங்கன்னா, சம்பளம் எவ்வளவுன்னு கேட்கும்போது இதையும் கேட்டுடுங்க: எடிட்டர் வேலை பார்க்கும்போது நானும் ரூமில் இருக்கலாமா?