தொகைமதிப்புக் கட்டங்களும் எங்கட வன்னியும்

வன்னி என்றதும் வெளியூராருக்கு ஞாபகம் வருவது காடு, குளம், யுத்தம். மக்களைப் பற்றிக் கேட்டால் 'தமிழ்ப் பிரதேசம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வவுனியா பட்டாணிச்சூர்ப் பக்கம் வாழ்கிற எனக்கு அந்தச் சொல் பிழையாகவும் படவில்லை, போதுமானதாகவும் படவில்லை.

மன்னார் வீதியிலுள்ள எங்கட ஆக்களின் சில்லறைக் கடையொன்றில் பத்து நிமிடம் நின்றால் விஷயம் விளங்கும். ஊர்ப் பிள்ளை 'நானா' என்று கூப்பிடும். நெடுங்கேணியிலிருந்து வந்தவர் "அண்ணை, ஒரு கிலோ சீனி தாங்கோ" என்பார். "அண்ணே, சீனி ஒரு கிலோ குடுங்க" என்கிறவரின் தகப்பனோ பாட்டனோ தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவராக இருப்பார். ஈரற்பெரியகுளத்துச் சிங்களவருக்குக் கடைக்காரர் 'முதலாளி'. நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் கஞ்சிக்கு வருகிற பாத்திரங்களில் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பாத்திரமும் இருக்கும்.

இதை ஒற்றுமைக் கதையாகச் சொல்லி முடிப்பது இலகு. ஆனால், இந்தக் கலப்பு கடைத்தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் கச்சேரியிலும் காணப்படுகிற அளவுக்குக் குடியிருப்பில் காணப்படுவதில்லை. வவுனியா மாவட்டத்தில் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. வவுனியா தெற்கு பெரும்பாலும் சிங்களக் கிராமங்கள். வவுனியா வடக்கு பெரும்பாலும் தமிழ்க் கிராமங்கள். பட்டாணிச்சூர், சாலம்பைக்குளம், சூடுவெந்தபுலவு, ஆண்டியாபுளியங்குளம் என முஸ்லிம் ஊர்கள் நகரை ஒட்டியும் அதற்கு மேற்கே செட்டிகுளம் பக்கமாகவும் அமைந்துள்ளன. பாடசாலைகளும் மொழியாலும் மதத்தாலும் பெரும்பாலும் பிரிந்தவையே. ஆகவே எங்கட பன்மை தெருவுக்குள் கலந்த பன்மையல்ல. ஊருக்கு ஊர் அடுத்தடுத்து நிற்கிற பன்மை. இப்படியான இடத்தில் ஒவ்வொரு தரப்பும் தன் பலத்தை எண்ணிக்கையால் அளக்கப் பார்ப்பது இயல்பு. அந்த எண்ணிக்கையை வாசிக்கும் விதம் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்பையும் 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1981இல் வவுனியா மாவட்டத்தில் சுமார் 95,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 19 பேர் 'இந்தியத் தமிழர்', 16 அல்லது 17 பேர் சிங்களவர், ஏறத்தாழ 7 பேர் சோனகர். 2012இல் சனத்தொகை சுமார் 1,72,000. சிங்களவர் நூற்றுக்கு 10, சோனகர் அதே 7. இந்தியத் தமிழரோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. முல்லைத்தீவில் 1981இல் நூற்றுக்கு 14 ஆக இருந்த இந்தியத் தமிழர் 2012இல் சுமார் 2 ஆகவும், 5 ஆக இருந்த சோனகர் சுமார் 2 ஆகவும் குறைந்துள்ளனர்.

அட்டவணையில் இரண்டும் ஒரே மாதிரியான வீழ்ச்சி. ஊருக்குள் இறங்கிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

முதலாவதை எடுப்போம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு அவர்களில் ஒரு பகுதியினர் வன்னிக்கு வந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் வவுனியாவை மையமாக வைத்து நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைக் காணிகளில் குடியமர்த்தப் பாடுபட்டது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களில் இராஜசுந்தரமும் ஒருவர். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களில் இன்றும் மலையக வழி வந்தவர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். சிலர் அகதியாக இந்தியா போனார்கள். பலர் யுத்தத்தில் மாண்டார்கள். ஆனாலும் நூற்றுக்கு 19 பேர் இங்கிருந்து மறைந்துவிடவில்லை. 1988, 2003 சட்டங்களால் பிரசாவுரிமை கிடைத்தது. பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள். 'இந்திய' என்ற ஒட்டு ஒரு காலத்தில் நாடு கடத்தலுக்கு வழிகாட்டிய ஒட்டு. கணக்கெடுக்க வந்தவரிடம் "இலங்கைத் தமிழர் எண்டு எழுதுங்க" என்று சொல்ல இவ்வளவு காரணம் போதாதா? இங்கே ஆள் இருக்கப் பெயர் போனது.

இரண்டாவது எங்கட கதை. 1990 ஒக்டோபரின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சியில் நாச்சிக்குடா என்று ஊர் ஊராகப் பள்ளிவாசல்கள் பாங்கொலி இல்லாமல் கிடந்தன. போனவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தங்கினார்கள். அங்கே அவர்கள் எந்தப் பெயரில் பதிந்தாலும் 'சோனகர்' என்ற கட்டம் மாறவில்லை. மாவட்டம் மட்டுமே மாறியது. இங்கே பெயர் இருக்க ஆள் போனது.

மாறாத எண்ணும் உண்மையை முழுதாகச் சொல்வதில்லை. வவுனியாவில் 1981இலும் 7, 2012இலும் 7 என்பதால் இங்குள்ள முஸ்லிம்கள் அசையாமல் இருந்தார்கள் என்று எண்ணக் கூடாது. நகரம் அரச கட்டுப்பாட்டில் இருந்ததால் நகரத்து முஸ்லிம்கள் தங்கினார்கள். சாலம்பைக்குளம் 1990இல் வெறுமையாகி, யுத்தம் முடிந்த பின்னரே மீளக் குடியேறியது. வெளி மாவட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களும் இங்கு வந்து சேர்ந்தன. ஒரே எண்ணுக்குள் ஒரு போக்கும் ஒரு வரவும் அடங்கியிருக்கின்றன.

மணலாற்றுப் பக்கத்து டொலர் பாம், கென்ட் பாம் காணிகளின் கதை இன்னும் கசப்பானது. காந்தியம் குடியமர்த்திய மலையகக் குடும்பங்கள் 1984இல் அங்கிருந்து துரத்தப்பட்டன. அவர்களுடைய இடத்தில் சிங்களக் கைதிகளும் குடும்பங்களும் குடியேற்றப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 30இல் புலிகள் அவர்களைக் கொன்றார்கள். இரண்டு தரப்பிலும் ஏழைகள். 'இந்தக் காணி யாருடையது' என்று சதவீதத்தைக் காட்டி வாதிடுகிற எவரும் இந்த வரலாற்றைத் தாண்டிப் போக முடியாது.

கட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனியாக எண்ணும் வழக்கம் 1911ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் தொடங்கியது. அதற்கு முன்பே, 1888இல், பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை எழுதினார், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். அந்த விவாதம் வெறும் இனவியல் விவாதமல்ல, சட்டநிரூபண சபையில் யாருக்கு ஆசனம் என்ற விவாதமும்கூட என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டில் தமிழ் பேசுகிற ஒரு முஸ்லிமை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அவர் மொழியால் தமிழர், மதத்தால் முஸ்லிம். சிங்கப்பூரில் அவர் 'இந்தியர்'. இலங்கையில் அவர் 'சோனகர்'. மனிதர் ஒருவரே, நாட்டுக்கு நாடு கட்டம் வேறு. இதனால் எங்கட தனித்துவம் பொய் என்று ஆகாது. தனித்துவத்தை மக்கள் வாழ்ந்து உருவாக்குகிறார்கள், கட்டத்தை அரசு வரைகிறது. இரண்டும் எப்போதும் பொருந்தி வருவதில்லை என்பதே நான் சொல்ல வருவது.

இது ஏன் இன்று முக்கியம்? முல்லைத்தீவில் மீளக் குடியேற முஸ்லிம்கள் காணி கேட்டபோது "இருந்த ஆக்களை விடக் கூட வந்து கேக்கினம்" என்ற குரல் எழுந்தது. காட்டை அழிக்கிறார்கள் என்ற எதிர்ப்பும் வந்தது. 1990இல் ஒரு வீட்டிலிருந்து போன தாய் தகப்பனும் நான்கு பிள்ளைகளும், இருபது வருடத்துக்குப் பிறகு நான்கு ஐந்து குடும்பமாகத் திரும்புவார்கள். போகாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் பெருகியிருப்பார்கள். தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான் பெருகின. அவர்களுக்கும் 2009இல் எல்லாம் அழிந்தது. அவர்களிலும் காணியில்லாதோர் ஏராளம். 2012ஆம் ஆண்டின் '2 சதவீதத்தை' வைத்து எங்களுக்குக் காணி அளப்பது அநியாயம். அதே போல, 'இந்தியத் தமிழர் ஒரு சதவீதமும் இல்லை' என்ற கணக்கைக் காட்டி மலையக வழி வந்தோரின் காணி அனுமதிப்பத்திரப் பிரச்சினையை இல்லையென்பதும் அநியாயமே. முதலாவதைக் கேட்கிற நாங்கள் இரண்டாவதையும் கேட்க வேண்டும். எங்கட எண்ணிக்கை குறைந்த காரணம் பிறருக்கு விளங்க வேண்டுமென்றால், பிறருடைய எண்ணிக்கை குறைந்த காரணம் எங்களுக்கும் விளங்க வேண்டும்.

இதற்கு அட்டவணை காணாது, ஊர்ச் சரித்திரம் வேண்டும். பள்ளிவாசல் ஜமாஅத் பதிவுகள், நிக்காஹ் பதிவுகள், பழைய காணி உறுதிகள், பாடசாலைச் சேர்வு இடாப்புகள் ஆகியவற்றில் எஞ்சியிருப்பவை கறையானுக்குப் போகுமுன் பிரதி எடுக்கப்பட வேண்டும். 1990க்கு முன்னர் தண்ணீரூற்றில் யாருடைய வயலுக்குப் பக்கத்தில் யாருடைய வயல் இருந்தது என்பதை முஸ்லிம் பெரியவர்களிடம் மட்டுமல்ல, அந்த வயலின் அடுத்த வரம்புக்காரரான தமிழ்ப் பெரியவர்களிடமும் கேட்டு எழுத வேண்டும். மலையக வழி வந்த மூத்தவர்களிடம் எந்த வருடம், எந்தத் தோட்டத்திலிருந்து, எந்தக் கலவரத்தோடு வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். மடுக்கந்தையிலும் ஈரற்பெரியகுளத்திலும் தமிழ் பேசத் தெரிந்த சிங்கள முதியவர்கள் இருப்பார்கள்; அவர்களையும் விட்டுவிடக் கூடாது. அறுபது வயதில் வெளியேறியவர்கள் இன்று அநேகமாக இல்லை. இருபது வயதில் வெளியேறியவர்களுக்கே இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கேட்க வேண்டியதை இந்தப் பத்து வருடத்துக்குள் கேட்டு எழுதிவிட வேண்டும்.