'குன் ஃபயகூன்': பாடலில் கேட்பதும் குர்ஆன் சொல்வதும்

2011 இல் வெளிவந்த 'ரொக்ஸ்டார்' ஹிந்தித் திரைப்படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'குன் ஃபயகூன்' பாடல் இன்றும் நமது பிள்ளைகளின் தொலைபேசிகளில் ஒலிக்கிறது. டில்லி நிஸாமுத்தீன் அவ்லியா தர்காவில் படமாக்கப்பட்ட கவ்வாலி அது. இசை கூடுமா கூடாதா என்பது உலமாக்கள் பேசவேண்டிய தனி விடயம். ஆசிரியர் என்ற வகையில் என்னுடைய கவலை, அந்தச் சொற்றொடருக்கு நமது இளைஞர்கள் கொடுக்கும் பொருளைப் பற்றியது.

நீ ஆசைப்பட்டது நடந்தே தீரும் என்று எழுதி, அதன் கீழே 'குன் ஃபயகூன்' என்று வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். பரீட்சை, வெளிநாட்டு வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதுதான். கடந்த வருடம் தரம் 11 மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சேர், ஒவ்வொரு நாளும் நூறு தரம் சொன்னேன். வாப்பாட வருத்தம் சுகமாகல்ல. என்ட ஈமான்ல குறையா?" என்று கேட்டாள். ஒரு சொற்றொடரைப் பிழையாக விளங்குவது ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள்.

'குன்' என்றால் 'ஆகு' என்று பொருள். அது ஒரு கட்டளை. 'ஃபயகூன்' என்றால் 'உடனே அது ஆகிவிடும்'. இச்சொற்றொடர் அல்குர்ஆனில் எட்டு இடங்களில் வருகிறது. அல்லாஹ்வுக்குப் பிள்ளை உண்டு என்ற கூற்றை மறுக்கும் இடத்தில் வருகிறது (2:117). தனக்கு எப்படிக் குழந்தை பிறக்கும் என்று மர்யம் (அலை) கேட்டதற்கான பதிலில் வருகிறது (3:47). உக்கிப்போன எலும்புகளை உயிர்ப்பிப்பவன் யார் என்று கேட்டவனுக்கு மறுமொழியாக ஸூரா யாஸீனில் வருகிறது (36:82). அல்லாஹ்வின் நாட்டத்தையும் வல்லமையையும் பற்றியே இவ்வசனங்கள் பேசுகின்றன. 'ஆகு' என்று கட்டளையிடுபவன் அவன் மாத்திரமே. அடியானுக்கு உரியது துஆ.

அந்த மாணவியிடமும் இதையே சொன்னேன். வாப்பாவுக்காகக் கையேந்துங்கள், மருந்தையும் விடாமல் கொடுங்கள், முடிவு அல்லாஹ்வுடையது, சுகம் தாமதமாவது உங்கள் ஈமானுக்குப் போடப்பட்ட புள்ளி அல்ல என்றேன்.

பாடலுக்கும் நாம் நீதமாக இருக்கவேண்டும். இர்ஷாத் காமில் எழுதிய அந்த வரிகளில் பாடுபவன் எதற்கும் கட்டளையிடவில்லை. எதுவுமே இல்லாதிருந்தபோதும் இறைவன் இருந்தான் என்கிறான். தன்னுடைய 'நான்' என்பதிலிருந்து விடுதலை கேட்கிறான். ஆக, பாடலும் ஒரு வேண்டுதல்தான். மொழி விளங்காமல், மெட்டையும் இரண்டு அறபுச் சொற்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளும்போதுதான் அது ஆசை நிறைவேற்றும் மந்திரமாகிவிடுகிறது. இன்னொன்று, குர்ஆன் ஓதி முடித்ததும் நாம் சொல்லும் 'ஸதகல்லாஹ்' அதிலும் வருவதால், முழுப் பாடலுமே குர்ஆன் என்று நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வசனம் எது, கவிஞரின் வரி எது என்று நாம்தான் பிரித்துக் காட்டவேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பாட்டை நிறுத்து என்று அதட்டுவதற்கு முன்னர், அதன் அர்த்தம் என்ன என்று பிள்ளையிடம் கேளுங்கள். அடுத்த முறை வீட்டில் யாஸீன் ஓதும்போது, கடைசி ஏழு வசனங்களின் தமிழாக்கத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். பத்து நிமிடம் போதும்.