மல்லாட்டைத் தோலை ஊதிவிடாதீர்கள்!

செஞ்சிப் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். அறுவடை நேரத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அது மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வறுத்த மல்லாட்டையை உள்ளங்கையில் தேய்த்து, செந்தோலை ஊதிவிட்டுப் பருப்பை மட்டும் வாயில் போடுகிறீர்கள் அல்லவா? அந்தத் தோலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தோலை மட்டும் கொஞ்சம் மென்று பாருங்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கும். தோலில் உள்ள டானின், உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. அதுதான் துவர்ப்பு. டானின், பாலிஃபீனால் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தில் 8,000க்கும் மேற்பட்ட சேர்மங்கள் உண்டு. நாவல்பழத்தின் ஊதா நிறமும் நெல்லிக்காயின் துவர்ப்பும் இவற்றின் வேலையே.

செடிக்கு இது எதற்கு? மல்லாட்டைப் பூ மண்ணுக்கு மேலே பூக்கும். அப்புறம் விழுது மண்ணுக்குள் இறங்கி, அங்கேதான் காய் பிடிக்கும். ஈரமண் முழுக்கப் பூஞ்சைகள்! செடியால் எழுந்து ஓட முடியாதே. அதனால் விதைக்குத் துவர்ப்புத் தோல் போர்த்துகிறது. பூஞ்சை தாக்கினாலோ ரெஸ்வெரட்ரால் என்ற இன்னொரு பாலிஃபீனாலை அவசரமாகத் தயாரிக்கிறது. எதிரி வந்ததை அறிந்து அதற்கென்றே ஆயுதம் செய்கிறது, மூளையே இல்லாத ஒரு செடி! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

செடியைக் காப்பது நம்மையும் காக்குமா? ரெஸ்வெரட்ரால் தடவிய சுண்டெலிகளின் தோலில் புற்றுக்கட்டிகள் குறைந்ததாக 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எங்கும் ஒரே பரபரப்பு. மாத்திரைகள்கூட விற்பனைக்கு வந்தன. ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. இத்தாலியில் 783 முதியவர்களை 9 ஆண்டுகள் கவனித்தார்கள். உணவு வழியாக ரெஸ்வெரட்ரால் அதிகம் பெற்றவர்களுக்கு இதய நோயோ புற்றுநோயோ குறையவில்லை என்பது 2014இல் வெளியானது.

பாலிஃபீனால்களில் பெரும்பகுதி நேராக இரத்தத்தில் சேர்வதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அவற்றை உடைத்துச் சிறு பொருள்களாக்கிய பிறகே உடல் ஏற்கிறது. கடலை, பாதாம் போன்றவற்றை வழக்கமாக உண்பவர்களிடம் இதய நோய் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கான பெருமை முழுவதையும் பாலிஃபீனாலுக்கே கொடுத்துவிட முடியாது. நல்ல கொழுப்பு, நார்ச்சத்து, புரதம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. நோய் வராமல் தடுக்க நல்ல உணவு துணை நிற்கும். வந்துவிட்ட நோய்க்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வறுத்த மல்லாட்டையைவிட ஓட்டோடு அவித்ததில் ரெஸ்வெரட்ரால் அதிகம். அடுத்த முறை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறும்போது அவித்த மல்லாட்டை கொண்டுபோங்கள். ஓட்டைப் படியில் போடாமல் பையில் போடுங்கள். கடலை ஒவ்வாதவர்கள் மட்டும் தொடவே கூடாது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். தோல் கிழிந்த பருப்பில் பூஞ்சை எளிதாகப் புகுந்துவிடும். பூசணம் பிடித்திருந்தாலோ கசந்தாலோ உடனே துப்பிவிடுங்கள். அதில் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் அவித்தாலும் அது முழுதாக அழியாது.