பண்டிகை வந்தாலும் நடையை நிறுத்தாதீர்கள்!

ஐப்பசி பிறந்துவிட்டால் கேரள எல்லையோரத் தமிழர்களுக்கு ஓய்வு ஏது? தீபாவளி, பாலக்காட்டில் கல்பாத்தித் தேர், கார்த்திகையில் சபரிமலை சீசன், பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசையாக விசேஷங்கள். வேலந்தாவளம், கோபாலபுரம், குமுளி, வண்டிப்பெரியாறு வழியெல்லாம் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். கடை வைத்திருப்பவர்களுக்கு வியாபாரம். வீட்டில் இருப்பவர்களுக்கு விருந்தாளிகள். இந்தப் பரபரப்பில் முதலில் நின்றுபோவது காலை நடைதான். 'பொங்கல் கழியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறோம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நடையை நிறுத்திய அதே ஆட்கள்தான், இருமுடி கட்டிக்கொண்டு ஒரே நாளில் மலை ஏறப் போகிறார்கள்.

பம்பையிலிருந்து சன்னிதானம் சுமார் 5 கிலோமீட்டர். நீலிமலை, அப்பாச்சிமேடு ஆகிய இரண்டும் செங்குத்தான ஏற்றங்கள். வண்டிப்பெரியாறு பக்கமிருந்து சத்திரம் வழியாகப் போனால் காட்டுப் பாதையில் சுமார் 12 கிலோமீட்டர். பழக்கமில்லாத உடம்பு இப்படித் திடீரென்று ஏறும்போது இதயத்தின் பளு பல மடங்கு கூடுகிறது. மலையேற்றத்தில் நெஞ்சுவலி வந்து உயிரிழப்போர் ஆண்டுதோறும் உண்டு. அதனால்தான் ஏற்றத்தில் ஆங்காங்கே பிராணவாயு வசதியுடன் அவசர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படுகின்றன. சில நாட்கள் முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்கும்படி கேரள சுகாதாரத் துறையும் பக்தர்களைக் கேட்டுக்கொள்கிறது.

விரத நாட்களே பயிற்சி நாட்கள்

விரதம் 41 நாட்கள். உடம்பைப் பழக்க இதைவிடத் தோதான காலம் இல்லை. விடியற்காலையில் எழுந்து குளிக்கும் வழக்கம் அப்போது தானாகவே வந்துவிடுகிறது. அதோடு நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் சமதளத்தில் 15 நிமிடம் போதும். மெல்ல மெல்ல அரை மணியாக்குங்கள். கடைசி இரண்டு வாரம் மேடு அல்லது படிக்கட்டு ஏறிப் பழகுங்கள். நடக்கும்போது பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும். பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும். விரதத்தைக் காரணம் காட்டி மருந்தை நிறுத்தக் கூடாது. மலையேறும்போது நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும்.

மலைக்குப் போகாதவர்களுக்கு

'நாள் முழுக்கக் கடையில் நிற்கிறேனே, அது போதாதா?' என்று கேட்கலாம். நிற்பது வேறு, நடப்பது வேறு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. கடை திறக்கும் முன் பத்து நிமிடம், மதியம் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் என்று பிரித்து நடந்தாலும் பலன் உண்டு. விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் மெதுவாக நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது.

மூணாறு, தேவிகுளம் பக்கம் மார்கழியில் உறைபனி விழும். அங்குள்ளவர்கள், குறிப்பாக வயதானவர்கள், வீட்டுக்குள்ளேயே கை கால்களை அசைத்துச் சூடேற்றிக்கொண்டு, வெயில் வந்த பிறகு வெளியே போவது நல்லது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நடையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடை சுமந்த முதுகையும் தோளையும் மாலையில் ஐந்து நிமிடம் நீட்டி மடக்கினாலே அவர்களுக்குச் சுகம் தெரியும்.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் பலர் நடையையும் விட்டுவிடுகிறார்கள். 41 நாள் பழகிய பழக்கத்தை 42-ம் நாள் கைவிடுவானேன்? அடுத்த கார்த்திகை வரை அது தொடரட்டும்.