மோனலிசாவைப் பார்க்க எந்தக் கிழமை போகணும்? பாரிஸ் லூவ்ர் மியூசியத்துக்குக் கிளம்பும் முன் இதைப் படிங்க!

பாரிஸில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே ஒரு நாள் செவ்வாய்க்கிழமையா? அப்படியென்றால் மோனலிசாவை மறந்துவிடுங்கள். லூவ்ர் மியூசியத்துக்கு வாரா வாரம் செவ்வாய் விடுமுறை. விசா, விமானம், ஹோட்டல் என்று லட்சக்கணக்கில் செலவழித்துப் போய், கண்ணாடிப் பிரமிடுக்கு முன்னால் நின்று குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

டூர் பேக்கேஜில் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயணத் திட்டத்தில் 'லூவ்ர்' என்று போட்டிருந்தால், அது உள்ளே அழைத்துப் போவதா, இல்லை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வெளியிலிருந்து காட்டுவதா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

2024ஆம் ஆண்டில் மட்டும் லூவ்ருக்கு வந்தவர்கள் சுமார் 87 லட்சம் பேர். கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிடு வாசல் 1989இல் திறக்கப்பட்டபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பேர் வருவார்கள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். கூட்டம் தாங்க முடியாமல், ஒரு நாளைக்கு 30 ஆயிரம் பேர்தான் என்று நிர்வாகம் வரம்பு வைத்தது. அப்படியும் தீரவில்லை. 2025 ஜூன் 16ஆம் தேதி காலை, 'இவ்வளவு கூட்டத்தைச் சமாளிக்க எங்களால் முடியாது' என்று ஊழியர்களே வேலையை நிறுத்திவிட, டிக்கெட்டோடு வந்தவர்களும் பிரமிடைச் சுற்றி மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

அந்த 30 ஆயிரத்தில் உங்களுக்கும் இடம் வேண்டுமென்றால், ஆன்லைனில் முன்பதிவு செய்வதுதான் நிச்சயமான வழி. நேரில் போனால் கிடைக்கவே கிடைக்காது என்றில்லை. ஆனால் கோடை மாதங்களில் அந்த நம்பிக்கையில் போவது லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி.

டிக்கெட் எவ்வளவு?

2026 ஜனவரியிலிருந்து இந்தியர்களுக்குக் கட்டணம் 32 யூரோ. நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகியவற்றின் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும் பழைய 22 யூரோ தொடர்கிறது. பாரிஸில் குடியிருக்கும் சித்தப்பாவுக்கு 22, லண்டனிலிருந்து வரும் அத்தைக்கு 32. ஒரே வீட்டுக்காரர்கள் ஒரே வாசலில் இரண்டு விலை கொடுக்கிறார்கள்! இது நியாயமா என்ற விவாதம் பிரான்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறுதலான செய்தி: 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் இலவசம். அப்பா, அம்மா, பள்ளியில் படிக்கும் இரண்டு குழந்தைகள் என்றால் மொத்தம் 64 யூரோதான். ஆனால் இலவசமாகப் போகும் பிள்ளைகளுக்கும் அதே நேரத்துக்கு ஸ்லாட் பதிவு செய்ய வேண்டும். பெரியவர்கள் டிக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டு, குழந்தைகளை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வயதைக் காட்ட பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். பாரிஸ் மியூசியம் பாஸ் வாங்கியவர்களுக்கும் ஸ்லாட் கட்டாயம்.

மியூசியத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்ற விளம்பரத்தோடு கூடுதல் விலை சொல்வார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு. அதை எந்த டிக்கெட்டும் தாண்ட வைக்காது.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பேங்க் ஆப்பில் பாருங்கள். பாரிஸில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், ஓடிபி இந்திய சிம்முக்குப் போய், அந்த சிம் பெட்டியில் எங்கோ கிடக்கும். ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நிம்மதி. ஆனால் விசா கைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.

எந்தக் கிழமை, எந்த நேரம்?

பாரிஸின் இன்னொரு பெரிய மியூசியமான ஓர்சேவுக்குத் திங்கட்கிழமை லீவு. அதனால் அன்று அந்தக் கூட்டமும் லூவ்ர் பக்கம் திரும்பும். மறுநாள் லூவ்ர் மூடல் என்பதால் திங்களன்று நெரிசலுக்குக் கேட்கவே வேண்டாம். வார இறுதியும் அப்படித்தான்.

புதன், வெள்ளி இரண்டு நாள்களும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மற்ற நாள்களில் 6 மணிக்கே மூடிவிடுவார்கள். குழுச் சுற்றுலாக்காரர்கள் சாப்பிடக் கிளம்பிவிடும் மாலை 5, 5.30 மணி ஸ்லாட்டில் உள்ளே போனால் நிதானமாகப் பார்க்கலாம். மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே அறைகளைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பறவை என்றால் 9 மணி முதல் ஸ்லாட். அதுதான் அடுத்த நல்ல நேரம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பிறகு இலவசம் (ஜூலை, ஆகஸ்ட் நீங்கலாக). காசு மிச்சம்தான். ஆனால் கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு அது ஏற்ற நாள் இல்லை.

உள்ளே போன பிறகு...

கூட்டம் என்பது லூவ்ர் முழுக்கப் பரவியிருப்பதல்ல. அது டெனோன் பகுதியில் 711ஆம் எண் அறையை நோக்கிப் போகும் ஓர் ஊர்வலம். அங்கேதான் மோனலிசா இருக்கிறார். உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53. குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால், நூறு செல்போன்களின் ஊடே தெரியும் அவ்வளவு சின்னப் படம்!

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு திருட்டும் காரணம். 1911 ஆகஸ்ட்டில், முன்பு லூவ்ரில் வேலை பார்த்த வின்சென்சோ பெருஜியா என்ற இத்தாலியர் படத்தைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார். உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கமெல்லாம் மோனலிசாவின் முகம். படம் இருந்த வெற்றுச் சுவரைப் பார்க்கவே மக்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் மீண்டது. அன்று தொடங்கிய வரிசை இன்னும் குறையவில்லை.

அந்த அறையில் அப்படியே திரும்பிப் பாருங்கள். எதிர்ச் சுவரை நிறைத்துக்கொண்டு சுமார் 10 மீட்டர் அகலத்தில் வெரோனீஸ் வரைந்த 'கானாவூர்த் திருமணம்'. லூவ்ரின் மிகப் பெரிய ஓவியம் அதுதான். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பெரும்பாலானோர் நிற்கிறார்கள். வெளியே வந்தால் பக்கத்து நீளக் கூடத்தில் அதே டாவின்சியின் வேறு ஓவியங்கள். கண்ணாடிக் கூண்டு இல்லை, தள்ளுமுள்ளும் இல்லை.

பிள்ளைகளை ரிஷெல்யூ பகுதிக்கு அழைத்துப் போங்கள். வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் ஹமுராபி சட்டம் பொறித்த அதே கருங்கல், இரண்டு மீட்டருக்கு மேல் உயரத்தில், கிட்டே போய்ப் பார்க்கும்படி நிற்கிறது. சற்றுத் தள்ளி மனித முகமும் சிறகுகளும் கொண்ட அசீரியக் காளைகள். சில கூடங்களைக் குறிப்பிட்ட கிழமைகளில் மூடிவைப்பார்கள். அந்தப் பட்டியலும் மியூசியத்தின் தளத்தில் இருக்கும்.

முழங்கால் வலி உள்ள தாத்தா, பாட்டிக்கு வீல்சேர் இலவசமாகத் தருகிறார்கள். அடையாள ஆவணம் கொடுக்க வேண்டும். பெரிய பெட்டிகளை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள். ஆகவே ஏர்போர்ட் போகும் வழியில் எட்டிப் பார்க்கலாம் என்று பெட்டியை உருட்டிக்கொண்டு போகாதீர்கள். தமிழர்கள் நிறைய வசிக்கும் லா கூர்நெவ் பக்கம் உறவினர் வீட்டில் தங்கினால், 7ஆம் எண் மெட்ரோ நேராக மியூசியத்துக்கே கொண்டுவந்து விடும். ஸ்லாட் நேரத்துக்கு அரை மணி முன்பே இறங்கிவிடுங்கள். கிளம்பும் முன் காலையில் ஒருமுறை இணையதளத்தையும் பாருங்கள். வேலைநிறுத்தத்தால் கதவு திறக்காத நாள்களும் உண்டு.

மோனலிசாவுக்குத் தனி அறை, தனி டிக்கெட் என்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் 2025 ஜனவரியில் அறிவித்திருக்கிறார். 2031க்குள் புதிய வாசலும் வருமாம். அதுவரை 711ஆம் அறைதான்.